ரீடிங் எடுக்கப் போன வீடுகளில் நாய்கள் சொன்னது

மின்வாரியத்தில் கணக்கீட்டாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். கணக்கீட்டாளர் என்றால் யாருக்கும் புரியாது, 'கரண்டு ரீடிங் எடுக்க வர்றவர்' என்றால்தான் தெரியும். தமிழ்நாட்டில் வீட்டு மின்சாரத்துக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் கணக்கு எடுப்பார்கள். பால்காரர் தினம் வருவார், பேப்பர் போடும் பையன் தினம் வருவான், அவர்களை நாய்க்குத் தெரியும். நான் எப்போதோ வந்து, கேட்டைத் திறந்து, யார் முகத்தையும் பார்க்காமல் சுவரை உற்றுப் பார்த்து, வெள்ளை அட்டையில் எதையோ எழுதிவிட்டுத் திரும்பிப் போகிற ஆள். நாயின் பார்வையில் இதைவிடச் சந்தேகமான நடத்தை இருக்க முடியாது.

அதுவும் நான் நடந்த ஊர்கள் ராஜபாளையம், சத்திரப்பட்டி, தளவாய்புரம், சேத்தூர். நாய்க்குப் பேர்போன பக்கம். 2005-இல் இந்திய அஞ்சல் துறை நாட்டு நாய் இனங்களுக்குத் தபால்தலை வெளியிட்டபோது அதில் ராஜபாளையம் நாயும் ஒன்று. பெரிய காம்பவுண்டு வீடுகளில் வெள்ளை ராஜபாளையம், தோட்டத்து வீடுகளில் சிப்பிப்பாறை, கன்னி, எங்காவது ஒரு கோம்பை, லைன் வீடுகளில் பொம்மேரியன், தெருவெல்லாம் நாட்டு நாய். எல்லா மீட்டரும் கேட்டுக்கு உள்ளேதான் இருக்கும். உள்ளே போகலாமா வேண்டாமா என்பதை நாயைப் பார்த்துத்தான் முடிவு செய்தாக வேண்டும்.

வீட்டுக்காரரைக் கேட்டு முடிவு செய்யக் கூடாதா என்றால், கூடாது. "ஒண்ணும் செய்யாது சார், சும்மா உள்ள வாங்க" என்பதுதான் இந்தத் தொழிலில் மிக ஆபத்தான வாக்கியம். அவர் பொய் சொல்லவில்லை. அவரை அது ஒன்றும் செய்யாதுதான். அவர் பார்க்கிற நாய், சோறு வைக்கிறவர் முன்னால் நிற்கிற நாய். நான் பார்ப்பது, தன் இடத்துக்குள் அந்நியன் காலை வைத்ததும் அதே நாய் எப்படி மாறுகிறது என்பதை. கதவுக்குப் பின்னால் நிற்கும் அவருக்கு அந்த மாற்றம் தெரிவதே இல்லை.

முதலில் வருவது சத்தம். கேட் அருகே போகும்போதே உள்ளே என்ன நிலைமை என்று குரைப்பிலேயே பாதி தெரிந்துவிடும். இடைவெளி விட்டு, நடுத்தரமான குரலில், இரண்டு மூன்றாக 'வள் வள்... வள் வள்' என்று வந்தால் அது வீட்டாருக்குச் சொல்கிற தகவல்: ஆள் வந்திருக்கிறது, யாராவது வந்து பாருங்கள். இப்படிக் குரைக்கிற நாய் அடிக்கடி வீட்டு வாசலைத் திரும்பிப் பார்க்கும். யாராவது வெளியே வந்துவிட்டால் பெரும்பாலும் தணிந்துவிடும். இடைவெளியே இல்லாமல், அடித்தொண்டையிலிருந்து, நடுநடுவே உறுமலும் கலந்து வந்தால் அது எனக்கான பேச்சு. நெருங்காதே என்று அர்த்தம். குரல் கீச்சென்று உயர்ந்து, உடைந்து, குரைத்துக்கொண்டே நாய் பின்னால் நகர்ந்தால் அது பயம். பயந்த நாய் பாவம் என்று நினைத்துச் சிலர் சமாதானப்படுத்தக் கிட்டே போவார்கள். பின்னால் சுவர் வந்துவிட்டால் அதற்கு வேறு வழி கிடையாது, முன்னால்தான் வரும்.

இதற்கு நாய் வளர்த்த அனுபவம் வேண்டுமென்பதில்லை. ஹங்கேரியில் புடாபெஸ்ட் ஆய்வாளர்கள் ஒரு மேய்ச்சல் நாய் வகையின் குரைப்பைப் பல சூழ்நிலைகளில் பதிவு செய்து மனிதர்களுக்குப் போட்டுக் காட்டினார்கள். அந்நியர் வந்தபோது, தனியாகக் கட்டிப் போட்டபோது, விளையாடும்போது என்று வெவ்வேறு சூழ்நிலைகள். 2005-இல் வெளியான அந்த ஆய்வில், நாய் வளர்க்காதவர்கள்கூட எது எந்தச் சூழ்நிலை என்பதை வெறும் குருட்டு யூகத்தைவிட நன்றாகவே சொன்னார்கள். தாழ்ந்த, கரகரப்பான, வேகமான குரைப்பைக் கோபம் என்றும், இடைவெளி விட்ட மெல்லிய குரலைத் தனிமை, தவிப்பு என்றும் காது தானாகவே பிரித்துவிடுகிறது. நாம்தான் 'சும்மா கத்துது' என்று எல்லாவற்றையும் ஒரே கணக்கில் எழுதிவிடுகிறோம். மொட்டை மாடியில் கட்டிப் போட்ட நாய் மதியமெல்லாம் ஒரு குரைப்பு, ஒரு இடைவெளி, இன்னொரு குரைப்பு என்று சலிக்காமல் சொல்லிக்கொண்டிருக்குமே, அது யாரையும் மிரட்டவில்லை. யாராவது மேலே வாருங்கள் என்கிறது. பக்கத்து வீட்டுச் சண்டையில் பாதி இதனால்தான்.

குரைக்கிற நாய் கடிக்காது என்று ஒரு பழமொழி இருக்கிறது. அதை நம்பி மீட்டர் பார்க்கப் போனவர்களை எனக்குத் தெரியும். அதில் கொஞ்சம் நிஜம் உண்டு. குரைத்துக்கொண்டிருக்கிற நாய் இன்னும் பேச்சுவார்த்தையில்தான் இருக்கிறது, நீ விலகினால் பிரச்சினை முடிந்தது என்கிறது. கவனிக்க வேண்டியது குரைப்பு நிற்கிற நொடியை. அவ்வளவு நேரம் எகிறிக்கொண்டிருந்த நாய் திடீரென்று வாயை மூடி, உடம்பை அசைக்காமல், பார்வையை ஒரே இடத்தில் நிறுத்தினால் வீட்டுக்காரர் 'பாருங்க, அடங்கிடுச்சு' என்பார். நான் அந்த நொடியில் ஒரு அடி பின்னால் எடுத்து வைத்துவிடுவேன். அப்படி உறைந்து நின்ற பிறகு நாய் ஒன்று தளர்ந்து உடம்பை உதறும், அல்லது பாயும்.

வாலைப் பற்றி எல்லாரும் தப்பாக நம்புவது ஒன்று: வாலாட்டினால் நட்பு. வாலாட்டுவது மனதில் ஒரு கிளர்ச்சி இருக்கிறது என்பதை மட்டுமே காட்டும். அது என்ன கிளர்ச்சி என்பதை வால் எந்த உயரத்தில் இருக்கிறது, எவ்வளவு தளர்வாக ஆடுகிறது, கூடவே வேறு என்ன ஆடுகிறது என்று பார்த்துத்தான் சொல்ல முடியும். முதுகு மட்டத்தில் வால் அகலமாக ஆட, இடுப்பும் சேர்ந்து ஆட, உடம்பே வளைந்து குழைந்து வந்தால் பயமில்லை. உடம்பு மரமாக நிற்க, மேலே தூக்கிய வாலின் நுனி மட்டும் விறைப்பாகச் சின்னதாகத் துடித்தால் கேட்டைத் திறக்கக் கூடாது. வயிற்றுக்கு அடியில் செருகிய வால் நுனி ஆடினால் அது 'என்னை விட்டுவிடு' என்கிற கெஞ்சல்.

இதிலும் இனத்துக்கு இனம் மாறுபாடு உண்டு. சிப்பிப்பாறைக்கும் கன்னிக்கும் சும்மா நிற்கும்போதே வால் தாழ்ந்துதான் தொங்கும், முதுகு லேசாக வளைந்திருக்கும். அதைப் பயம் என்று நினைத்துவிடக் கூடாது. நாட்டு நாய்க்கு வால் சுருட்டி முதுகில் ஏறியிருப்பது சாதாரண நிலை, சுருள் பிரிந்து கீழே இறங்கினால்தான் ஏதோ சரியில்லை. பொம்மேரியனுக்கு அடர்ந்த முடி என்பதால் பிடரி சிலிர்ப்பது வெளியே தெரியாது. சிலிர்ப்பும் கோபத்தின் அடையாளம் மட்டுமல்ல, அதிர்ச்சி, பயம், அளவுக்கு மீறிய உற்சாகம் எல்லாவற்றுக்கும் முடி நிற்கும். வாலை வெட்டிய டாபர்மேனும் ராட்வைலரும்தான் எனக்குப் பெரிய தலைவலி. பேச வேண்டிய உறுப்பையே வெட்டிவிட்டு, கோபக்கார நாய் என்று பெயர் வைக்கிறார்கள். அவற்றிடம் எடை எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று மட்டும் பார்ப்பேன். முன்னங்காலில் எடை ஏறியிருந்தால் முன்னே வரத் தயார், பின்னங்காலில் இருந்தால் ஒதுங்கப் பார்க்கிறது.

இத்தாலிய ஆய்வாளர்கள் 2007-இல் ஒரு வேடிக்கையான விஷயத்தைக் கண்டுபிடித்தார்கள். தன்னை வளர்ப்பவரைப் பார்க்கும்போது நாயின் வால் அதன் வலப்பக்கம் சற்று அதிகமாகச் சாய்ந்து ஆடுகிறது. முரட்டுத்தனமான அந்நிய நாயைப் பார்க்கும்போது இடப்பக்கம். கேட்க நன்றாக இருக்கிறது. கேட்டின் கம்பி இடுக்கில் நின்று வலதா இடதா என்று அளக்க என்னால் முடிந்ததில்லை.

என் அனுபவத்தில் வாலைவிட வாய்தான் நம்பகமானது. நிம்மதியாக இருக்கிற நாயின் வாய் லேசாகத் திறந்திருக்கும், நாக்கு ஒரு பக்கம் தளர்ந்து தொங்கும். ஒரு விஷயம் பிடிக்கவில்லை என்றால் முதலில் நடப்பது அந்த வாய் மூடுவது. அடுத்து, சாப்பாடு எதுவும் இல்லாமலே நாக்கு ஒரு நொடி வெளியே வந்து மூக்கை நக்கிவிட்டு உள்ளே போகும். தலையை வேறு பக்கம் திருப்பும், ஆனால் கண் மட்டும் உங்கள் மேலேயே இருக்கும். அப்போது கண் ஓரத்தில் வெள்ளை பிறைபோலத் தெரியும். தூக்கமே வராத நேரத்தில் கொட்டாவி விடும். திடீரென்று ஒன்றுமில்லாத தரையை முகர ஆரம்பிக்கும். நார்வே நாட்டு நாய்ப் பயிற்சியாளர் தூரிட் ரூகாஸ் இந்த மாதிரி அடையாளங்களையெல்லாம் தொகுத்து, நாய்கள் தங்களையும் எதிராளியையும் அமைதிப்படுத்தக் காட்டும் சைகைகள் என்று விளக்கினார். எல்லா இடத்திலும் அப்படித்தானா என்பதில் ஆய்வாளர்களுக்குள் கருத்து வேறுபாடு இருக்கலாம். கேட்டுக்கு முன்னால் நிற்கிற எனக்கு அவற்றின் அர்த்தம் ஒன்றுதான்: இந்த நாய் சங்கடத்தில் இருக்கிறது, அவசரப்படாதே.

தளவாய்புரத்தில் ஒரு வீடு. ரீடிங் எழுதிக்கொண்டிருக்கிறேன், அந்த வீட்டு இளைஞர் தன் குழந்தையை லேப்ரடார் மேல் உட்கார வைத்துப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார். குழந்தைக்கு இரண்டு வயது இருக்கும். நாயின் கழுத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டு காதைப் பிடித்து இழுத்தது. நாய் வாயை இறுக மூடியிருந்தது. தலை சுவர்ப் பக்கம், கண் மட்டும் குழந்தையின் பக்கம், ஓரத்தில் வெள்ளை. நாக்கு இரண்டு மூன்று முறை மூக்கைத் தொட்டது. அப்புறம் பெரிதாக ஒரு கொட்டாவி.

"தூக்கம் வருது பாருங்க சார் அதுக்கு" என்று சிரித்தார்.

"தம்பி, பாப்பாவை முதல்ல தூக்கிருங்க" என்றேன். குரலைக் கேட்டுவிட்டுத் தூக்கிவிட்டார். தூக்கியதும் லேப்ரடார் எழுந்து நான்கு அடி தள்ளிப் போய், குளித்துவிட்டு வந்த மாதிரி உடம்பைத் தலை முதல் வால் வரை உதறியது. மேலே ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. பாரத்தை இறக்கி வைத்ததன் அடையாளம் அது. அவருக்கு அதைக் காட்டி, முன்னால் நடந்ததையும் ஒவ்வொன்றாகச் சொன்னேன். நல்ல பையன், கேட்டுக்கொண்டார். வெறிநாய் என்று சந்தேகப்படும் விலங்குகளிடம் கடிபடுகிறவர்களில் சுமார் 40 சதவீதம் பேர் 15 வயதுக்குக் குறைந்த குழந்தைகள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. குழந்தையின் முகம் நாயின் முகத்துக்கு நேர் உயரத்தில் இருக்கிறது. கட்டிப்பிடிப்பது மனிதக் குழந்தைக்கு அன்பு, நாய்க்குத் தப்பிக்க வழியில்லாமல் பூட்டப்படுவது. நம் வீட்டு நாய் எதையும் பொறுத்துக்கொள்ளும் என்று பெருமைப்படுகிறவர்கள், அது என்னென்ன பொறுத்துக்கொள்கிறது என்று ஒருநாள் எண்ணிப் பார்க்கலாம்.

உறுமலைப் பற்றி எனக்கு ஒரு பிடிவாதமான கருத்து உண்டு: உறுமுகிற நாயை அடிக்கவே கூடாது. சேத்தூர் பக்கம் ஒரு வீட்டில் ராஜபாளையம் கலப்பு நாய் ஒன்று. நான் மீட்டர் பக்கம் போனால் அடித்தொண்டையில் உறுமும். எனக்கு அது வசதி. எந்த இடத்தில் உறுமல் ஆரம்பிக்கிறதோ அதற்கு மேல் ஓர் அடிகூடப் போகாமல் நின்று, வீட்டுக்காரரைப் பிடிக்கச் சொல்வேன். அவர் மரியாதைக்காரர். விருந்தாளியைப் பார்த்து உறுமுகிறதே என்ற வெட்கத்தில் ஒவ்வொரு முறையும் செருப்பைக் கழற்றி அதன் முகத்தில் ஒன்று போடுவார். வேண்டாமென்று சொன்னாலும் கேட்கமாட்டார். கொஞ்ச காலத்தில் அது உறுமுவதை நிறுத்திவிட்டது. "இப்பத் திருந்திட்டான் சார்" என்றார். எனக்கென்னவோ அது திருந்தின மாதிரித் தெரியவில்லை. அதே விறைத்த வால், அதே மூடிய வாய், அதே முன்னங்கால் எடை, சத்தம் மட்டும் இல்லை. என் வருகை பிடிக்காமல் இருந்தது, இப்போது என் வருகையோடு செருப்படியும் சேர்ந்துகொண்டது. அதற்கு என் மேல் அன்பு எங்கிருந்து வரும்? அந்த வீட்டில் கேஸ் சிலிண்டர் போட வந்தவரின் ஆடுசதையைப் பிடித்துவிட்டது. திடீரென்று கடித்துவிட்டது, ஒரு சத்தம்கூடக் கொடுக்கவில்லை என்றுதான் தெருவில் பேசிக்கொண்டார்கள்.

உறுமினால் என்ன செய்வது? நின்றுவிடுங்கள். எதனால் உறுமுகிறது என்று பாருங்கள். வாயில் எலும்பு வைத்திருக்கிறதா, குட்டி இருக்கிறதா, காலில் புண்ணா, காதுக்குள் சீழா. தொடும்போது மட்டும் புதிதாக உறுமும் நாய்க்கு வலி இருக்க வாய்ப்பு அதிகம், டாக்டரிடம் காட்ட வேண்டும். அப்புறம், எல்லா உறுமலும் கோபமில்லை. கயிற்றை இழுத்து விளையாடும்போது வரும் உறுமலில் உடம்பு துள்ளும், நடுவில் முன்னங்காலை நீட்டிக் குனிந்து பின்புறத்தைத் தூக்கிக்காட்டும். அது 'இனி நடப்பதெல்லாம் விளையாட்டு' என்கிற அழைப்பு.

இங்கே ராஜபாளையம் நாயைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மேலே சொன்ன குரைப்புப் பாடம் சில வெள்ளை நாய்களிடம் எடுபடாது. அவற்றில் பிறவியிலேயே காது கேட்காதவை உண்டு. நிறம் தருகிற உயிரணுக்கள் தோலில் மட்டும் வேலை செய்வதில்லை, உட்காதிலும் அவை தேவை. முழு வெள்ளை, இளஞ்சிவப்பு மூக்கு என்று தேடித்தேடி இனம் சேர்த்ததற்குக் கொடுக்கும் விலை இது.

சஞ்சீவி மலைப் பக்கம் ஒரு வீட்டில் பாட்டி ஒருவர் இப்படி ஒரு ஆண் நாய் வைத்திருந்தார். நான் கேட்டைத் தட்டினேன், கத்தினேன், நாய் படியில் படுத்தபடியே இருந்தது. சாதுவான நாய் என்று நினைத்து யாரும் உள்ளே போயிருப்பார்கள். பாட்டி உள்ளேயிருந்து வந்து, "அதுக்குக் காது கேக்காது தம்பி. பின்னால வந்துராதீங்க, அலறிப்போயிரும்" என்றார். துடைப்பக் கட்டையால் தரையில் இரண்டு தட்டுத் தட்டினார். அதிர்வு பட்டதும் நாய் தலையைத் தூக்கி முதலில் பாட்டி முகத்தைப் பார்த்தது, அப்புறம் அவர் கை நீட்டிய பக்கம் என்னைப் பார்த்தது. உள்ளங்கையைக் கீழே காட்டினால் உட்காரும். விரலை வளைத்துக் கூப்பிட்டால் வரும். சாயங்காலம் தோட்டத்தில் சுற்றுகிற நாயைக் கூப்பிட வாசல் விளக்கை இரண்டு முறை அணைத்துப் போடுவாராம். யாரும் அவருக்குச் சொல்லித்தரவில்லை.

அந்த நாயிடம் நான் கவனித்தது, அது மனிதர்களை மற்ற நாய்களைவிட அதிகமாகப் பார்த்தது. முகம், கை, தோள் எல்லாவற்றையும். குரைப்பு மட்டும் ஏற்ற இறக்கம் இல்லாமல் ஒரே மாதிரி நீண்டு வரும், அதை வைத்து எதையும் கணிக்க முடியாது. அங்கே வால், எடை, வாய் மூன்றும்தான் மொழி. ராஜபாளையம் குட்டி வாங்குகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். குட்டி பார்க்காத நேரத்தில், காற்றும் அதிர்வும் அதன்மேல் படாதபடி தள்ளி நின்று சத்தம் எழுப்பிப் பாருங்கள். மற்ற குட்டிகள் எழுந்தபிறகு, அவை அசைவதைப் பார்த்து எழுகிறதா என்றும் பாருங்கள். ஒரு காது மட்டும் கேட்காத குட்டியை இப்படிக் கண்டுபிடிக்க முடியாது. சத்தம் எந்தப் பக்கம் வருகிறது என்று குழம்புவதை வைத்துப் பின்னால்தான் சந்தேகம் வரும். கேட்காத நாயை எழுப்பும்போது தொட்டு எழுப்பாதீர்கள். மூக்குக்கு முன்னால் கையை நீட்டுங்கள், வாசனையில் எழுந்துகொள்ளும்.

தெரு நாய்களுக்கு வேறு இலக்கணம். அங்கே வீட்டுக்காரர் கிடையாது, தெருவே வீடு. கூட்டமாகக் குரைக்கும்போது முன்னால் நின்று கத்துகிற நாயை எல்லாரும் பார்ப்பார்கள். நான் பார்ப்பது சத்தமில்லாமல் பக்கவாட்டில் சுற்றி வருகிற நாயை. வண்டியைத் துரத்தும்போது வேகத்தைக் கூட்டினால் துரத்தலும் கூடும். ஓடுகிற எதையும் துரத்துவது அதன் உடம்பில் ஊறினது. வேகத்தைக் குறைத்து, நாய்க்கும் நமக்கும் நடுவில் வண்டி இருக்கும்படி நிறுத்தினால் பெரும்பாலும் சுவாரசியம் போய்விடும். குனிந்து கல் எடுப்பதுபோல் பாவனை செய்தால் ஓடிவிடும் என்பது உண்மைதான், நம் ஊர் நாய்கள் அத்தனைக்கும் அந்த அசைவு தெரியும். ஆனால் அடுத்த முறை அதே நாய் குரைக்காமல் பின்னால் வரும். நான் அதைச் செய்வதில்லை.

கார்த்திகை, மார்கழியில்தான் தெருவில் குட்டிகள் அதிகம் கண்ணில் படும். பாலத்துக்கு அடியில், சாக்கடை ஓரத்தில், விறகுக் குவியலுக்குப் பின்னால். அதுவரை தெரிந்த நாயாக இருந்த பெட்டை அந்த மாதங்களில் ஆளே மாறிவிடும். தலையைத் தாழ்த்தி, கண்ணை எடுக்காமல், காதைப் பின்னால் மடித்து வந்தால் அருகில் எங்கோ குட்டி இருக்கிறது. வந்த வழியே மெல்லத் திரும்பிவிட வேண்டும், ஓடாமல்.

ஊளை என்றாலே சாவு என்று எங்கள் பக்கம் இன்னும் நம்புகிறார்கள். ராஜபாளையத்தில் மில் சங்கு ஊதும்போது தெரு நாய்கள் மூக்கைத் தூக்கி ஊளையிட்டதை நான் கேட்டிருக்கிறேன், அத்தனை ஷிப்டுக்கும் அத்தனை சாவு விழுந்திருந்தால் ஊரே மிஞ்சியிருக்காது. நீண்டு இழுக்கும் சத்தம் கேட்டால் அவையும் இழுக்கும், தூரத்தில் இருக்கிற கூட்டத்துக்குத் தான் இங்கே இருப்பதைச் சொல்லும், தனியாக விட்டால் ஊளையிடும். சாவு வீட்டில் ராத்திரி முழுக்க விளக்கு, ஆள் நடமாட்டம், அழுகை. தெரு நாய்கள் ஊளையிடாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

செருப்பைக் கடித்துவிட்டுக் 'குற்ற உணர்ச்சியோடு' தலை குனிந்து நிற்கிறது என்பார்கள். அமெரிக்க ஆய்வாளர் அலெக்ஸாண்ட்ரா ஹோரோவிட்ஸ் 2009-இல் வெளியிட்ட சோதனையில், நாய் தப்புச் செய்ததா இல்லையா என்பதற்கும் அந்த முகத்துக்கும் சம்பந்தமில்லை என்று தெரிந்தது. திட்டினால் அந்த முகம் வந்தது, ஒரு தப்பும் செய்யாத நாய்க்கும் வந்தது. அது நம் கோபத்தைப் பார்த்து அடங்கிப் போகிற பாவனை.

தீபாவளியை ஒரு வார்த்தையில் சொல்லிவிடுகிறேன். மனிதக் காது சுமார் 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும், நாய்க்குச் சுமார் 45,000 வரை. வெயில் இல்லாமலே மூச்சு வாங்கி, கண்மணி விரிந்து, குளியலறை மூலையில் போய் ஒடுங்கினால் பிடித்து இழுத்து 'தைரியம்' கற்றுக்கொடுக்காதீர்கள். அந்த மூலைதான் அதற்கு வேண்டும், கதவை மட்டும் சாத்திவிடுங்கள்.

இத்தனை சொல்லியும் ஒரு நிலைமைக்கு இந்தப் பாடம் எதுவும் பொருந்தாது. வெறி பிடித்த நாயின் குரல் மாறிவிடும், கரகரத்து, உடைந்து போகும். தாடை தொங்கி எச்சில் வழியலாம், கண்ட பொருளையும் கடிக்கலாம். அல்லது சத்தமே இல்லாமல் மூலையில் முடங்கவும் செய்யும். நோய் உடம்பைப் பேச வைக்கும்போது சைகையைப் படிப்பதில் பயனில்லை. எந்த நாய் கடித்தாலும், பல் லேசாகப் பட்டாலும், முதலில் ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவ வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு, காப்பித்தூள் எதுவும் வேண்டாம். உடனே அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். தோலுக்குள் போடும் ஊசி முதல் நாள், அப்புறம் 3, 7, 28-ஆவது நாள்களில். பல் தோலைத் துளைத்து ரத்தம் வந்திருந்தால் காயத்தைச் சுற்றியும் தனி மருந்து போடுவார்கள். தொப்புளைச் சுற்றிப் போடுகிற பழைய ஊசியை நினைத்துப் பயந்து தள்ளிப் போடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்த ஊசி இப்போது இல்லை.

நாய் வளர்க்கிற வீட்டுக்காரர்களிடம் எனக்கு ஒரு கோரிக்கை உண்டு. தயவுசெய்து நாயை மீட்டர் பெட்டிக்குக் கீழேயோ கேட்டுக்குப் பக்கத்திலேயோ சங்கிலியில் கட்டாதீர்கள். பிடிக்காத ஆள் வந்தால் விலகிப் போவதுதான் பெரும்பாலான நாய்களின் முதல் விருப்பம். சங்கிலி அந்த வழியை அடைத்துவிடுகிறது. பின்கட்டில் கட்டுங்கள், அல்லது ஆள் வந்ததும் ஓர் அறையில் விட்டுக் கதவைச் சாத்துங்கள். 'நாய் ஜாக்கிரதை' என்ற பலகை மட்டும் போதாது, அதைப் படித்தபிறகும் நாங்கள் உள்ளே வந்துதான் ஆக வேண்டும்.

இப்போது வீட்டுக்கு வீடு வருவது கூரியர் பையன்களும் சாப்பாடு கொண்டுவருகிறவர்களும். என் தெருவுக்கு வருகிற ஒரு பையன் நாய் என்றால் நடுங்குவான். அவனுக்குச் சொல்லிக்கொடுத்தது இவ்வளவுதான்: பெல் அடித்துவிட்டு இரண்டடி பின்னால் வா. நேராக நிற்காமல் பக்கவாட்டில் திரும்பி நில். கண்ணுக்குக் கண் பார்க்காதே, அதன் காலையும் வாயையும் பார். பார்சலைத் தொடைக்கு முன்னால் பிடி. கம்பி இடுக்கில் கையை நீட்டாதே, தலையைத் தடவ மேலேயிருந்து கையைக் கொண்டுபோகாதே. தானாக முகர வந்தால் முகரட்டும், கையை இழுத்துக்கொள்ளாமல் சும்மா நில். கையெழுத்து வாங்க வீட்டுக்காரர் "உள்ள வாங்க, ஒண்ணும் செய்யாது" என்றால், "இல்லண்ணே, நீங்க வெளிய வாங்க" என்று சொல்.